அரசாங்கம் உப்பு விற்கலாமா? ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்த விவாதம்

பொருளாதாரம் படிக்கும் கல்லூரி மாணவர் ஒருவரிடம், இந்தத் துறையின் தந்தை யார் என்று கேட்டுப் பாருங்கள். ஆடம் ஸ்மித் என்று உடனே பதில் வரும். ஸ்காட்லாந்துக்காரரான அவர் எழுதிய 'நாடுகளின் செல்வம்' என்ற நூல் 1776-ஆம் ஆண்டு வெளிவந்தது. அவருக்கு முன்னால் யார் என்று கேட்டால், சற்று யோசித்துவிட்டு, கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் என்பார். இடையில் யாருமே இல்லையா என்று மேலும் துருவினால், 13-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பிறந்த கிறிஸ்துவ அறிஞர் தாமஸ் அக்குவினாஸின் பெயரைச் சொல்லக்கூடும். அத்தோடு பட்டியல் முடிந்துவிடும்.

மாணவர் மீது தவறில்லை. பாடநூல்களில் பெரும்பாலானவை அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜோசப் ஷும்பீட்டர், பொருளாதாரச் சிந்தனையின் வரலாற்றை 1,200 பக்கங்களுக்கு மேல் எழுதி வைத்துவிட்டு 1950-இல் காலமானார். அவருடைய மனைவி எலிசபெத் அந்தக் கையெழுத்துப் பிரதிகளை ஒழுங்குபடுத்தினார். 1954-இல் அது நூலாக வெளிவந்தது. இந்தத் துறையில் அதற்கு இணையான நூல் இல்லை என்று இன்றும் சொல்வோர் உண்டு. அந்த நூலில்தான், அக்குவினாஸ் வருவதற்கு முந்தைய சுமார் 500 ஆண்டுகளைத் தயங்காமல் தாண்டிப் போகலாம் என்று ஷும்பீட்டர் எழுதினார். அந்தக் காலத்துக்கு 'பெரும் இடைவெளி' என்று பெயரும் வைத்தார்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தாண்டிக் குதித்துப் போய் இறங்கும் இடமான அக்குவினாஸ், அரிஸ்டாட்டிலைப் படித்தபோது யாருடைய உரையைக் கையில் வைத்திருந்தார் தெரியுமா? ஸ்பெயின் நாட்டின் கோர்டோபா நகரில் வாழ்ந்த அரபு அறிஞர் இப்னு ருஷ்து எழுதிய உரையை. அவருடைய பெயரைக்கூடச் சொல்லாமல் 'உரையாசிரியர்' என்றாலே அவர்தான் என்னும் அளவுக்கு ஐரோப்பியர்கள் அவரை மதித்தார்கள். இடைவெளி என்று சொல்லப்பட்ட இடத்தில் ஆள் நடமாட்டம் இருந்திருக்கிறது. அங்கே விளக்குப் போட்டுப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஷும்பீட்டரை ஒன்றும் அறியாதவர் என்றும் ஒதுக்கிவிட முடியாது. பழைய சீனாவில் வேளாண்மை, வணிகம், நிதி ஆகியவற்றைக் கவனிக்கும் தேர்ந்த நிர்வாகம் இருந்தது என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். நிர்வாகம் இருந்தது, ஆனால் அதைப் பற்றிய ஆராய்ச்சி நமக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் அவருடைய வாதம். அது சரிதானா? கி.மு. 81-ஆம் ஆண்டு சீனத் தலைநகர் சாங்ஆனில் நடந்த ஒரு விவாதத்தைப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

தலைநகரில் ஒரு கருத்துக்களம்

ஹான் அரச மரபைச் சேர்ந்த பேரரசர் வூ, கி.மு. 141 முதல் கி.மு. 87 வரை ஆண்டவர். வடக்கே குதிரை மீதேறி வந்து தாக்கிக்கொண்டிருந்த சியோங்னு மக்களோடு அவர் ஓயாமல் போரிட்டார். போர் என்றால் பணம். கஜானா காலியானது. நிலவரியை மேலும் ஏற்றினால் விவசாயி தாங்கமாட்டான். ஏழையும் வாங்க வேண்டும், பணக்காரனும் வாங்க வேண்டும், அப்படிப்பட்ட பொருள் எது? உப்பு. உழவனுக்கு அடுத்தபடியாக இன்றியமையாதது இரும்பு. கி.மு. 117-இல் இந்த இரண்டையும் அரசாங்கம் தன் ஏகபோகமாக்கிக் கொண்டது. கி.மு. 98-இல் மதுவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

இந்த வேலையைக் கவனிக்க முதலில் நியமிக்கப்பட்டவர்கள் யார் என்பது சுவையான செய்தி. ஒருவர் உப்புக் காய்ச்சிப் பெரும் பணக்காரரானவர். மற்றவர் இரும்பு உருக்கிச் செல்வம் சேர்த்தவர். பாலுக்குப் பூனை காவலா என்று கேட்கத் தோன்றும். தொழில் தெரிந்தவன்தான் தொழிலை நடத்த முடியும் என்று அரண்மனை நினைத்திருக்கிறது.

இவர்களோடு சேர்ந்து உயர்ந்தவர்தான் சாங் ஹோங்யாங். லூயாங் நகரத்து வணிகர் ஒருவரின் மகன். மனக்கணக்கில் புலி. 13 வயதிலேயே அரண்மனைச் சேவைக்கு வந்துவிட்டார். இவருடைய யோசனைப்படி, கி.மு. 110-இல் தலைநகரில் ஒரு விலைச்சமன் அலுவலகம் ஏற்பட்டது. மாநிலங்களிலிருந்து வரும் பொருள்கள் அங்கே குவிக்கப்பட்டன. ஒரு பொருளின் விலை ஏறினால் அரசாங்கம் தன் கையிருப்பை விற்கும். விலை இறங்கினால் வாங்கி வைக்கும். இதனால் பதுக்கல் வியாபாரிகள் பிழைக்க முடியாது, அரசாங்கத்துக்கும் வருமானம் வரும் என்பது கணக்கு.

பேரரசர் வூ இறந்தபின் சிறுவன் ஒருவன் அரியணை ஏறினான். ஆட்சிப் பொறுப்பு ஹுவோ குவாங் என்பவரிடம் இருந்தது. நாடு களைத்துப் போயிருந்தது. மக்கள் படும் துன்பம் என்ன என்று கேட்பதற்காக, கி.மு. 81-இல் மாநிலங்களிலிருந்து 60-க்கும் மேற்பட்ட கல்விமான்கள் தலைநகருக்கு வரவழைக்கப்பட்டார்கள். பெரும்பாலும் கன்பூசியஸ் வழி வந்தவர்கள். எதிர்த் தரப்பில் சாங் ஹோங்யாங். இப்போது அவர் அரசாங்கத்தின் மிக உயர்ந்த பதவிகளில் ஒன்றில் இருந்தார். இன்று தொலைக்காட்சியில் இரு தரப்பையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேச விடுகிறார்களே, கிட்டத்தட்ட அது போலத்தான்.

கல்விமான்கள் எடுத்த எடுப்பில் கேட்டார்கள்: உப்பு, இரும்பு, மது மூன்றிலும் அரசாங்கத்துக்கு என்ன வேலை? அரசாங்கமே இலாபத்துக்கு ஆசைப்பட்டால் மக்களுக்கு யார் நேர்மையைக் கற்றுக்கொடுப்பது?

இதை வெறும் நீதிபோதனை என்று தள்ளிவிடலாம். ஆனால் அவர்கள் அடுத்து சொன்னவற்றைக் கவனிக்க வேண்டும். அரசாங்கப் பட்டறைகளில் செய்யும் இரும்புக் கருவிகள் கணக்குக் காட்டுவதற்காகச் செய்யப்படுகின்றன. அவை உழவனின் தேவைக்குப் பொருந்துவதில்லை. பெரிது பெரிதாக, மொண்ணையாக இருக்கின்றன. புல்லைக்கூட அறுக்க மாட்டேன் என்கின்றன. முன்பு கொல்லன் ஊரிலேயே இருந்தான். உழவன் கருவியைப் பார்த்து, தேர்ந்தெடுத்து, தானியத்தைக் கொடுத்து வாங்கினான். இப்போது தொலைவிலுள்ள அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருக்கிறது. போனால் அதிகாரி இருப்பதில்லை. விலையும் அதிகம். ஏழைகள் மரக்கலப்பையால் உழுது, உப்பில்லாமல் சாப்பிடுகிறார்கள்.

விலைச்சமன் திட்டத்தையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. அதிகாரிகள் ஓர் ஊரில் விளையாத பொருளைக் கேட்கிறார்கள். மக்கள் தங்களிடம் உள்ளதை மலிவாக விற்று, அந்தப் பொருளை அதிக விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அரசாங்கம் வாங்கப்போகிறது என்று தெரிந்தால் வியாபாரிகள் முன்கூட்டியே பதுக்குகிறார்கள், அதிகாரிகள் அவர்களோடு கைகோர்த்துக் கொள்கிறார்கள். ஆக, விலையைச் சமன் செய்ய வந்த திட்டமே விலையை ஏற்றிவிடுகிறது.

போட்டியில்லாத தொழிலில் தரம் குறையும், வாங்குபவனுக்குத் தேர்வு இல்லாமல் போகும், அதிகாரியின் இலக்கு வேறு, மக்களின் தேவை வேறு. அரசு நிறுவனங்களைப் பற்றி இன்றைய பொருளாதார நிபுணர்கள் சொல்லும் குறைகளில் பாதி இங்கே வந்துவிட்டது.

மறுபக்கம் சாங் ஹோங்யாங் சளைத்தவர் இல்லை. எல்லையில் நிற்கும் படைவீரனுக்குச் சோறும் துணியும் யார் கொடுப்பது என்று கேட்டார். உப்பையும் இரும்பையும் தனியாரிடம் விட்டால் அவை ஏழைகள் கைக்குப் போகப் போவதில்லை, மலைகளையும் கடலோரத்தையும் வளைத்துப் போட்டிருக்கும் பெரும்புள்ளிகள் கைக்குத்தான் போகும் என்றார். இதற்கு அவரிடம் கண்முன் உதாரணம் இருந்தது. தெற்கே வூ நாட்டு மன்னர் ஒருவர் தாமே நாணயம் அடித்து, உப்புக் காய்ச்சி, அந்தப் பணத்தில் ஆள் சேர்த்து, கி.மு. 154-இல் பேரரசுக்கு எதிராகவே கலகம் செய்தார். நிலத்தை உழுவது மட்டுமே செல்வம் தரும் என்பதையும் சாங் ஏற்கவில்லை. ஓர் இடத்தில் மிகுந்திருப்பதை இல்லாத இடத்துக்குக் கொண்டு சேர்ப்பதும் செல்வத்தை உண்டாக்கும் வேலைதான் என்று வாதிட்டார். கந்தல் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறீர்கள், உங்கள் வீட்டையே நிர்வகிக்கத் தெரியவில்லை, நாட்டை எப்படி நடத்துவது என்று எங்களுக்குச் சொல்ல வந்தீர்களா என்று குத்தலும் செய்தார்.

படைச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குக் கல்விமான்களிடம் சரியான பதில் இல்லை. அறத்தால் பகைவரை வெல்லலாம் என்றார்கள். சியோங்னு குதிரைப் படையிடம் அது எடுபட்டிருக்குமா என்பது சந்தேகம்தான். அதேபோல, மொண்ணை அரிவாளைப் பற்றி சாங் சொன்ன சமாதானமும் பலவீனமானது.

சில பத்தாண்டுகளுக்குப் பிறகு ஹுவான் குவான் என்ற அறிஞர் இந்த விவாதத்தை 60 அத்தியாயங்களாக எழுதினார். 'உப்பு, இரும்பு பற்றிய விவாதம்' என்பது நூலின் பெயர். பேசியதை அப்படியே பதிவு செய்தார் என்று சொல்ல முடியாது. அவர் மனம் கல்விமான்கள் பக்கமே இருந்தது. இருந்தும், தமக்குப் பிடிக்காத சாங்கின் வாதங்களை அவர் நீர்த்துப் போக விடவில்லை. எதிராளியின் பேச்சை முழு வலுவோடு எழுதிவைக்கும் அந்தப் பண்பு எல்லாக் காலத்திலும் அரிதானது.

முடிவு என்ன ஆயிற்று? மது ஏகபோகம் நீக்கப்பட்டது. தலைநகர் வட்டாரத்தில் இரும்பு அலுவலகங்கள் மூடப்பட்டன. மற்றபடி உப்பும் இரும்பும் அரசாங்கத்திடமே இருந்தன. அடுத்த ஆண்டே, ஹுவோ குவாங்குக்கு எதிரான சதியில் பங்கு கொண்டதாகச் சொல்லி சாங் ஹோங்யாங்குக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆள் போனார், அவருடைய திட்டம் நின்றது. கி.மு. 44-இல் ஏகபோகத்தை ஒழித்தார்கள். வருமானம் இல்லாமல் தவித்து, கி.மு. 41-இல் திரும்பவும் கொண்டுவந்தார்கள்.

உப்பின் மேல் அரசாங்கம் கை வைத்தால் மக்கள் மனம் எப்படிக் கொதிக்கும் என்பது தமிழருக்குப் புதிதல்ல. 1930-இல் இராஜாஜி தலைமையில் வேதாரண்யத்துக்கு நடந்தவர்கள் கேட்டதும் இதே கேள்விதான். ஆள்வது வேற்று நாட்டு அரசாங்கம் என்பது அங்கே கூடுதல் வேதனை.

தண்டனை பெற்றவர் எழுதிய சந்தை விளக்கம்

சாங் ஹோங்யாங்கின் காலத்திலேயே வாழ்ந்தவர் சிமா சியேன். சீன வரலாற்று நூல்களுக்கெல்லாம் தலையாய நூலை எழுதியவர். தோற்றுப்போன தளபதி ஒருவருக்காகப் பரிந்து பேசியதற்காகப் பேரரசர் வூ அவருக்கு விதையடிக்கும் தண்டனை விதித்தார். பணம் கட்டினால் தண்டனையிலிருந்து தப்பலாம் என்ற வழி அப்போது இருந்தது. அவரிடம் அவ்வளவு பணம் இல்லை.

அவர் தம் வரலாற்றில் பணம் சேர்த்தவர்களுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். உழவன் விளைவிக்கிறான், சுரங்கக்காரன் தோண்டுகிறான், கைவினைஞன் செய்கிறான், வணிகன் கொண்டு சேர்க்கிறான். இதையெல்லாம் யாரும் உத்தரவு போட்டுச் செய்யவைக்கவில்லை. அவரவர் தம் தேவைக்காகத் தம் திறமையைப் பயன்படுத்துகிறார்கள். தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடுவதுபோல் பொருள்கள் தேவைப்படும் இடத்துக்குப் போய்ச் சேர்கின்றன. ஒரு பொருள் மலிந்தால் அது விலையேறப் போவதன் அறிகுறி, விலையேறினால் மலியப் போவதன் அறிகுறி என்று விளக்கினார். மக்களோடு போட்டி போட்டு வியாபாரம் செய்யும் ஆட்சியை ஆட்சிகளிலேயே கடைசி வரிசையில் வைத்தார். யாரை மனத்தில் வைத்து எழுதினார் என்று ஊகிப்பது கடினமில்லை.

ஆடம் ஸ்மித் இதே எண்ணத்தைச் சொல்ல இன்னும் 1,800 ஆண்டுகளுக்கு மேல் இருந்தன.

நெல் களஞ்சியம் அமெரிக்கா போன கதை

இதெல்லாம் பழம்பெருமை, இதனால் உலகில் என்ன நடந்தது என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை இருக்கிறது.

சீ நாட்டு அமைச்சர் குவான் ச்சோங் கி.மு. 645-இல் இறந்தவர். அவர் பெயரால் 'குவான் ச்சு' என்ற நூல் வழங்குகிறது. பெரும்பகுதி அவருக்குப் பல தலைமுறைகள் பின்னால் எழுதப்பட்டது. அதில் வரும் முக்கியமான கருத்து 'இலேசு, கனம்' என்பது. மிகுதியாக இருக்கும் பொருள் இலேசாகிவிடும், அதாவது விலை இறங்கிவிடும். குறைந்தால் கனமாகிவிடும். பணத்துக்கும் இதே விதிதான். பணம் கனத்தால் பொருள்கள் இலேசாகும், பணம் இலேசானால் பொருள்கள் கனக்கும். பணப்புழக்கத்துக்கும் விலைவாசிக்கும் உள்ள தொடர்பை இவ்வளவு எளிமையாகச் சொல்ல இன்றைக்கும் நல்ல ஆசிரியர் வேண்டும்.

இதிலிருந்து கிளைத்ததுதான் களஞ்சியத் திட்டம். நல்ல விளைச்சல் காலத்தில் தானிய விலை விழுந்து உழவன் அழிவான். பஞ்ச காலத்தில் விலை ஏறி வாங்குபவன் அழிவான். ஆகவே மலிந்தபோது அரசாங்கம் வாங்கி வைத்து, ஏறியபோது விற்க வேண்டும். கி.மு. 54-இல் கெங் ஷோசாங் என்ற அதிகாரி எல்லை மாநிலங்களில் இப்படிக் களஞ்சியங்களை அமைத்தார். 'எப்போதும் சமநிலைக் களஞ்சியம்' என்று அவற்றுக்குப் பெயர்.

பத்தொன்பது நூற்றாண்டுகள் கடந்து, ச்சென் ஹுவான்சாங் என்ற சீன மாணவர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கன்பூசிய மரபின் பொருளாதாரக் கொள்கைகளைப் பற்றி ஆய்வு செய்தார். 1911-இல் அந்த ஆய்வு இரண்டு பாகங்களாக அச்சேறியது. அடுத்த ஆண்டே அதற்கு மதிப்புரை எழுதியவர், அப்போது இளைஞராக இருந்த ஜான் மேனார்டு கெய்ன்ஸ். அதே புத்தகம் ஐயோவா மாநிலத்தில் விவசாயப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்த ஹென்றி வாலஸ் என்பவர் கண்ணிலும் பட்டது. சமநிலைக் களஞ்சியம் என்ற பெயர் அவர் மனத்தில் ஒட்டிக்கொண்டது.

1933-இல் அதிபர் ரூஸ்வெல்ட் அரசாங்கத்தில் வாலஸ் விவசாய அமைச்சரானார். 1938-இல் நிறைவேறிய அமெரிக்க விவசாயச் சட்டத்தில் களஞ்சியத் திட்டம் இடம்பெற்றது, அதே பெயரோடு. இந்த எண்ணம் ச்சென்னின் ஆய்வேட்டிலிருந்து தமக்குக் கிடைத்தது என்று வாலஸ் மறைக்காமல் சொன்னார். அப்படிச் சேர்த்து வைத்த தானியம் இரண்டாம் உலகப்போர் காலத்தில் அமெரிக்காவுக்குக் கைகொடுத்தது.

மலேசியாவில் 1971-இல் அமைந்த தேசிய நெல் அரிசி வாரியமும் அதன் வழிவந்த பெர்னாஸ் நிறுவனமும் அரிசிக் கையிருப்பைப் பராமரித்து வருவதும், சிங்கப்பூரில் அரிசி இறக்குமதி செய்பவர்கள் ஒரு பங்கைக் கிடங்கில் வைத்திருக்க வேண்டும் என்ற விதி இருப்பதும் இதே அச்சத்தால்தான். இவை சீன நூலைப் பார்த்துச் செய்யப்பட்டவை என்று சொல்ல வேண்டியதில்லை. அரிசி சாப்பிடும் நாட்டுக்கு அந்தப் பயம் தானாகவே வரும்.

ஆடம் ஸ்மித்தின் வட்டாரத்திலும் சீனக் காற்று வீசத்தான் செய்தது. பிரெஞ்சு நாட்டு மருத்துவரும் பொருளாதார அறிஞருமான கெனே, 1767-இல் சீன ஆட்சிமுறையைப் புகழ்ந்து எழுதினார். 1766-இல் பாரிஸில் ஸ்மித் அவரைச் சந்தித்திருந்தார். கெனே உயிரோடு இருந்திருந்தால் 'நாடுகளின் செல்வம்' நூலை அவருக்கே சமர்ப்பித்திருப்பார் ஸ்மித். 1774-இல் கெனே காலமாகிவிட்டார்.

தஞ்சாவூர் ஓலையில் வட்டிக் கணக்கு

இந்தியாவுக்கு வந்தால், கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். இப்படி ஒரு நூல் இருந்தது என்று பெயரளவில் தெரிந்ததே தவிர, முழு நூலும் பல நூற்றாண்டுகள் கண்ணில் படாமல் இருந்தது. தஞ்சாவூர்ப் பகுதிப் பண்டிதர் ஒருவர் மைசூர் கீழ்த்திசை நூலகத்தில் கொண்டுவந்து கொடுத்த கிரந்த எழுத்து ஓலைச்சுவடியை, 1905-இல் அங்கிருந்த ஷாமசாஸ்திரி அடையாளம் கண்டார். 1909-இல் மூலத்தையும் 1915-இல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். சந்திரகுப்த மௌரியர் காலத்து நூல் என்பது மரபு. அதற்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியது என்று இன்றைய ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

அரசாங்கம் உப்பு விற்கலாமா என்று கேட்டால், கௌடில்யர் யோசிக்கவே மாட்டார். சுரங்கம், உப்பு, மது எல்லாவற்றுக்கும் அதிகாரிகளை நியமித்துவிடுகிறார். ஆனால் ஒரு கடிவாளம் போடுகிறார். மக்களுக்குத் துன்பம் தரும் இலாபம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அரசன் அதைக் கைவிட வேண்டும். வணிகருக்கும் வரம்பு உண்டு. உள்நாட்டுச் சரக்குக்கு நூற்றுக்கு 5 இலாபம், வெளிநாட்டுச் சரக்குக்கு 10.

வட்டி விஷயத்தில் அவர் இன்னும் நுட்பமானவர். சாதாரணக் கடனுக்கு மாதம் நூற்றுக்கு ஒன்றேகால். வியாபாரக் கடனுக்கு 5. காட்டு வழியே போகிறவனுக்கு 10. கடல் கடந்து போகிறவனுக்கு 20. முதல் கடனுக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு என்றால், கப்பல் ஏறுபவனுக்கு 240 விழுக்காடு. பார்த்தால் கந்துவட்டி போலத் தெரியும். காட்டில் கள்வன் உண்டு, கடலில் புயல் உண்டு. பணம் திரும்பாமல் போகும் அபாயம் எவ்வளவோ அவ்வளவு வட்டி என்பதுதான் இதன் பொருள். இன்று வங்கிகள் கடன் கொடுக்கும்போது செய்யும் கணக்கும் இதுவே.

சுல்தான் கடை திறந்தால்

சாங்ஆன் விவாதத்துக்கு மிகத் தெளிவான மறுமொழி, அந்த விவாதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டே இராத ஒருவரிடமிருந்து வந்தது. 1332-இல் துனிஸ் நகரில் பிறந்த இப்னு கல்தூன். இளம் வயதில் கொள்ளைநோய்க்குப் பெற்றோரைப் பறிகொடுத்தவர். பல அரசர்களிடம் வேலை பார்த்து, சிறைக்கும் போய்வந்து, அரசியல் சலித்துப்போய், இன்றைய அல்ஜீரியாவிலுள்ள ஒரு கோட்டையில் ஒதுங்கி உட்கார்ந்தார். 1377-இல் 'முகத்திமா' என்ற நூலை அங்கே எழுதினார்.

ஆடம் ஸ்மித்தின் குண்டூசித் தொழிற்சாலை புகழ்பெற்றது. பத்துப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டால் ஒரு நாளில் 48,000 குண்டூசி செய்வார்கள். தனியாளாகச் செய்தால் 20 செய்வதே கடினம். இப்னு கல்தூன் குண்டூசிக்குப் பதில் கோதுமையை எடுத்துக்கொள்கிறார். ஒருவன் தனியாக ஒரு நாள் உணவைக்கூடத் தேடிக்கொள்ள முடியாது, கொல்லனும் தச்சனும் உழவனும் சேர்ந்தால் தங்களைப்போல் பல மடங்கு பேருக்கு உணவு உண்டாகும் என்கிறார்.

அரசன் வியாபாரம் செய்வதைப் பற்றி அவர் எழுதியிருப்பது அனுபவத்தில் எழுந்தது. குடிமக்களின் கைமுதல் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்போது போட்டி நடக்கும். சுல்தான் அந்தச் சந்தைக்குள் நுழைந்தால் அவரோடு யார் போட்டி போடுவது? அவர் மிரட்டி மலிவாக வாங்குவார், தம் சரக்கை அதிக விலைக்குத் தள்ளிவிடுவார். வியாபாரியின் முதல், விலைபோகாத சரக்கில் முடங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக அவன் கடையை மூடுவான். அவன் கட்டிய வரி நின்றுவிடும். கூட்டிக் கழித்துப் பார்த்தால், வியாபாரத்தில் வந்த இலாபத்தைவிட வரியில் போனது அதிகமாக இருக்கும்.

வரியைப் பற்றியும் அவர் இப்படியே காரணகாரியத்தோடு பேசுகிறார். ஓர் அரச மரபின் தொடக்கத்தில் வரி குறைவு, வருமானம் அதிகம். முடிவில் வரி அதிகம், வருமானம் குறைவு. வரி ஏற ஏற உழைப்பதில் மக்களுக்கு ஆசை போய்விடும், தொழில் சுருங்கும், வரி விதிக்கவே பொருள் இல்லாமல் போகும். 1974-இல் அமெரிக்கப் பொருளாதார நிபுணர் ஆர்தர் லாஃபர் உணவகத்தில் கைத்துடைப்புத் தாளில் வரைந்ததாகச் சொல்லப்படும் வளைகோடும் இதையேதான் காட்டுகிறது. 1981 அக்டோபரில் அதிபர் ரோனல்ட் ரேகன் பத்திரிகையாளர்களிடம் பேசும்போது இப்னு கல்தூனின் பெயரைச் சொல்லித் தம் வரிக் குறைப்பை நியாயப்படுத்தினார். ஆனால் ஆட்சியாளர் செலவு செய்வதை நிறுத்திவிட்டால் சந்தை படுத்துவிடும், அரசாங்கமே எல்லாவற்றிலும் பெரிய சந்தை என்றும் இப்னு கல்தூன் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை ரேகன் புரட்டவில்லை போலும்.

இந்த இடத்தில் தமிழ் வாசகர்களுக்குப் பிசிராந்தையார் நினைவுக்கு வருவார். பாண்டியன் அறிவுடை நம்பிக்கு அவர் சொன்ன அறிவுரை புறநானூற்றின் 184-ஆம் பாட்டில் இருக்கிறது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சிறு நிலத்து நெல்லும் யானைக்குப் பல நாள் வரும். யானையே வயலுக்குள் இறங்கினால் அது தின்பதைவிட அதன் காலில் மிதிபடுவது அதிகம். வரியைப் பற்றி இதைவிட அழகான உவமை எந்த மொழியிலும் இருக்கிறதா என்பது சந்தேகமே.

அதற்காக, லாஃபர் சொன்னதை நம்மவர் அப்போதே கண்டுபிடித்துவிட்டார் என்று மேடையில் முழங்குவது சரியாகாது. பிசிராந்தையார் சொன்னது அரசனுக்கு ஓர் எச்சரிக்கை. இப்னு கல்தூன் ஏன் அப்படி நடக்கிறது என்று படிப்படியாக விளக்கினார். இரண்டும் வேறு வேறு வேலைகள். எல்லாம் நம்மிடம் இருந்தது என்று சொல்பவரும், ஒன்றுமே இல்லை என்று தாண்டிப் போகிறவரும் அந்த நூல்களைத் திறந்து பார்க்கவில்லை என்ற ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள்.

இன்னொரு தவறான எண்ணமும் இதனால் உண்டாகிறது. தடையற்ற சந்தை மேலை நாட்டுச் சரக்கு, கட்டுப்பாடுதான் ஆசியப் பண்பு என்று ஒரு சாரார் பேசுகிறார்கள். நேர்மாறாகப் பேசுவோரும் உண்டு. சாங்ஆனில் இரு தரப்பும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தன. சிமா சியேன் ஒரு பக்கம் என்றால் சாங் ஹோங்யாங் மறுபக்கம். கௌடில்யர் ஒரு கரை, இப்னு கல்தூன் மறுகரை.

உப்பின் கதையைப் பொறுத்தவரை, அது அந்தக் கூடத்தோடு முடியவில்லை. ஹான் மரபுக்குப் பின் சில காலம் ஏகபோகம் விடுபட்டது. உள்நாட்டுக் கலகத்தால் கஜானா வற்றியபோது, 758-இல் தாங் அரச மரபு அதைத் திரும்பக் கொண்டுவந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அரசாங்க வருமானத்தில் பாதிக்கு மேல் உப்பிலிருந்தே வந்தது. மன்னராட்சி போய், குடியரசு வந்து, கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தும் உப்பு அரசாங்கத்தின் பிடியில்தான் இருந்தது. 2017 ஜனவரி முதல் நாள்தான் சீனாவின் உப்பு உற்பத்தியாளர்கள் தங்கள் உப்புக்குத் தாங்களே விலை வைத்து நேரடியாக விற்க அனுமதி பெற்றார்கள். உரிமம் கொடுப்பதை மட்டும் அரசாங்கம் தன் கையிலேயே வைத்துக்கொண்டது.